20-ஆம் தேதிக்கு மேல் டப்பா காலி: சாப்பாட்டுச் செலவை இன்னும் எவ்வளவுதான் குறைப்பது?

கேள்வி: வீட்டில் நான்கு பேர், அதில் இரண்டு குழந்தைகள். வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள், ஆறு மாதமாக வருமானம் பாதிதான். முன்பு வருமானத்தில் 25 சதவீதம் சாப்பாட்டுக்குப் போகும், இப்போது 45 சதவீதம் போகிறது. அப்படியும் முதல் இரண்டு வாரம் நன்றாகச் சாப்பிடுகிறோம், 20-ஆம் தேதிக்கு மேல் இருப்பதை வைத்து ஒப்பேற்றுகிறோம். மூன்று மாதச் சரக்கை கிரெடிட் கார்டில் மொத்தமாக வாங்கினால் 10 சதவீதம் குறையும் என்கிறார் கணவர். வாங்கலாமா? நான் எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: அந்த 45 சதவீதத்தைப் பார்த்து மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். முன்பு 100 வந்தது, சாப்பாட்டுக்கு 25 போனது. இப்போது 50 வருகிறது, அதில் 45 சதவீதம் என்றால் 22.50. ஆக, பத்தில் ஒரு பங்கை நீங்கள் ஏற்கெனவே குறைத்தாயிற்று. வருமானம் குறையக் குறைய அதில் சாப்பாட்டின் பங்கு ஏறும் என்று எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857-லேயே குடும்பங்களின் செலவுக் கணக்கைப் பார்த்துச் சொல்லிவிட்டார். தப்பு உங்கள் கையில் இல்லை, பணம் மாதத்துக்குள் பிரிகிற விதத்தில்தான் இருக்கிறது.

நிறைய வீடுகளில் மாதத்தை நான்கு வாரம் என்று வைத்து நான்கால் வகுக்கிறார்கள். நான்கு வாரம் என்பது 28 நாள்தான், மிச்சம் இரண்டு மூன்று நாளுக்குச் சோறு யார் போடுவது? சாப்பாட்டுப் பணத்தை 30-ஆல் வகுத்து 7-ஆல் பெருக்குங்கள், அதுதான் உங்கள் வாரப் பணம். அதைத் தனித்தனி உறையில் போட்டு வையுங்கள். பணத்தை மட்டும் பிரித்தால் போதாது, சரக்கையும் பிரிக்க வேண்டும், ஏனென்றால் 20-ஆம் தேதி காலியாவது பர்ஸுக்கு முன்னால் டப்பாதான். எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 2 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு சுமார் 66 மில்லி, அதாவது நாலரை மேசைக்கரண்டி. பெரிய பாட்டிலிலிருந்து நேராக வாணலியில் ஊற்றும்போது இந்த நாலரை கரண்டி காலைச் சமையலிலேயே முடிந்துவிடும், யாருக்கும் தெரியவே தெரியாது. ஒரு வாரத்துக்கான 460 மில்லியைச் சின்ன பாட்டிலில் ஊற்றி அடுப்புப் பக்கம் வைத்து, பெரியதை எட்டாத இடத்தில் வையுங்கள். கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்கே இரண்டாவது வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

ஆனால் எல்லாவற்றையும் இப்படி அளக்காதீர்கள், இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் 1940 ஜனவரியில் பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை என்று ரேஷன் ஆரம்பித்தது, 1954 ஜூலையில்தான் முழுதாக முடிந்தது. போர் நடந்த அத்தனை வருடமும் ரொட்டிக்கும் உருளைக்கிழங்குக்கும் ரேஷன் கிடையாது (ரொட்டிக்கு வந்தது போர் முடிந்த பிறகு, 1946-இல்). வயிற்றை நிரப்புகிற பொருளில் கை வைக்கவில்லை, அரிதான பொருளை மட்டும் எண்ணிக் கொடுத்தார்கள். இறைச்சியை எடை போட்டுக்கூடக் கொடுக்கவில்லை, ஆளுக்கு இவ்வளவு பணத்துக்கு என்று கொடுத்தார்கள், அதனால் மலிவான துண்டுகளைக் கேட்டு வாங்கியவருக்கு அதே பணத்தில் அதிகம் கிடைத்தது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். அரிசி, கோதுமை, உருளைக்கிழங்கு, பருப்பு, இவை குழந்தைகள் கேட்டால் இரண்டாம் முறையும் போடலாம் என்ற அளவுக்கு இருக்கட்டும். எண்ணெய், சர்க்கரை, இறைச்சி, பாக்கெட் தின்பண்டம், இவற்றுக்கு மட்டும் வாரக் கணக்கு.

சத்து போய்விடுமோ என்ற பயம் வரும். பாக்கெட்டின் பின்னால் 100 கிராமுக்கு இத்தனை கிராம் புரதம் என்று போட்டிருக்கும். விலையைப் பாக்கெட்டில் உள்ள மொத்தப் புரதத்தால் வகுத்துப் பாருங்கள், ஒரு கிராம் புரதம் என்ன விலைக்கு வருகிறது என்று தெரியும். காய்ந்த பருப்பில் 100 கிராமுக்கு 24 கிராம்போல இருக்கும், ஒரு முட்டையில் 6 கிராம், தானியத்தில் 7 முதல் 12 வரை. தானியத்தில் குறைவாக இருக்கும் லைசின் (புரதத்தின் ஒரு கூறு) பருப்பில் நிறைய உண்டு, பருப்பில் குறைவது தானியத்தில் கிடைக்கும், அதனால் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 48 கிராம் புரதம் வேண்டும் என்றால், அதில் பெரும்பகுதியை இந்த ஜோடியே கொடுத்துவிடும். குழந்தைகளின் முட்டையிலும் பாலிலும் மட்டும் தயவுசெய்து கை வைக்காதீர்கள். பெரியவர்கள் நாம் எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம்.

பயறு வகைகளை முந்தின இரவே ஊறப் போட்டால் அடுப்புச் செலவும் மிச்சம். ஆனால் சிவப்பு ராஜ்மா வாங்கினால் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க விட வேண்டும். அரைவேக்காட்டில் அது வயிற்றுக்கு விஷம்.

சரி, கணவர் சொன்ன மொத்தச் சரக்கு. 100-க்கான சரக்கு 90-க்குக் கிடைக்கிறது. கார்டுக்கு மாதம் 3 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம், அசலில் மாதம் 30 வீதம் அடைத்தால் வட்டி 2.70, 1.80, 0.90, ஆக 5.40. பத்து மிச்சம் என்று நினைத்தது 4.60 ஆகிவிட்டது. இனி அந்தச் சரக்கில் நூற்றுக்கு ஐந்து பங்கு வண்டு விழுந்து போனாலே கைக்காசு நஷ்டம். எங்கள் வீட்டில் வருமானம் நின்றுபோன வருடம் நானும் ஒரு மூட்டை மாவு வாங்கினேன். இரண்டாவது மாதம் சலித்தபோது சல்லடை முழுக்கப் புழு, பாதியை அழுதுகொண்டேதான் கொட்டினேன். டப்பா நிறைய இருந்தால் கையும் தாராளமாகிவிடும், அது வேறு. அதனால் கார்டு வேண்டாம். கையில் உள்ள பணத்தில் மாதம் ஒரே ஒரு உலர் பொருளை, நீங்கள் கட்டாயம் தீர்க்கக்கூடியதை, அடுத்த மாதத்துக்கும் சேர்த்து வாங்குங்கள். அதில் மிஞ்சுவதை வைத்து அடுத்த மாதம் இன்னொரு பொருள். மூன்று நான்கு மாதத்தில் வட்டியில்லாமல் ஒரு சின்ன இருப்பு சேர்ந்துவிடும்.

இவ்வளவு செய்தும் வாரப் பணம் போதவில்லை என்றால், இதற்கு மேல் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். கடன் தவணை ஏதாவது இருந்தால், தவறுவதற்கு முன்பே கடன் கொடுத்தவரிடம் போய் வருமானம் பாதியானதற்கான சான்றைக் காட்டித் தவணைத் தொகையைக் குறைத்துக் கேளுங்கள், தவறிய பிறகு கேட்டால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். அரசு உணவு உதவிக்கோ இலவச உணவு வழங்கும் அமைப்புக்கோ போவதில் வெட்கமே வேண்டாம், இப்போதே பதிவு செய்யுங்கள், விண்ணப்பம் நகர நாள் ஆகும். வருகிற முதல் தேதி உறைகளைப் போடும்போது எல்லா வரவு செலவையும் ஒரே தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள், எதைத் தள்ளிப்போடலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.