கத்திரி வெயிலும் இலங்கை வானொலியும்

கேள்வி: டி.வி., செல்போன் எதுவும் இல்லாத காலத்தில் மே மாத லீவை எப்படித்தான் ஓட்டினீர்கள்? ஏதாவது ஒரு நாளை முழுசாகச் சொல்லுங்களேன்.
– வாசகி, மதுரை

பதில்: 1977 கோடையில் எனக்கு 11 வயது. கோவில்பட்டிப் பக்கம் கரிசல் கிராமம். கத்திரி வெயில் சமயத்தில் எல்லா நாளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போகும், அதனால் சொல்வது சுலபம்.

விடியும் முன்பே அம்மா ஊருணிக்குப் போய்விடுவாள். ஊருணி வற்றிக் கிடக்கும். நடுவில் தோண்டிய ஊற்றில் சிரட்டையால் மொண்டு மொண்டு ஊற்றினால்தான் குடம் நிறையும். அவள் திரும்பி வரும்போது பனையேறித் தாத்தாவும் வந்துவிடுவார். பனையோலைப் பட்டையைப் பிடித்து நிற்போம், அதில் பதநீர் ஊற்றுவார். 7.15-க்கு டெல்லியிலிருந்து செய்தி. சரோஜ் நாராயணசுவாமியின் குரல் கேட்டால் அப்பா வேலைக்குக் கிளம்பும் நேரம் என்று அர்த்தம். வீட்டில் கடிகாரம் கிடையாது.

அப்பா கிளம்பியதும் டிரான்சிஸ்டர் எங்கள் கைக்கு வரும். முள்ளை இலங்கைக்குத் திருப்பிவிடுவோம். திருநெல்வேலி வானொலி 1963-லேயே வந்துவிட்டது. ஆனாலும் சினிமாப் பாட்டு என்றால் எங்கள் ஊருக்கு இலங்கைதான். ‘பொங்கும் பூம்புனல்’ ஆரம்பிக்கும்போது நானும் அக்காவும் பசைச் சட்டியோடு திண்ணையில் உட்கார்ந்திருப்போம். லீவு என்றால் எங்களுக்குத் தீப்பெட்டி ஒட்டுகிற காலம். தீப்பெட்டி ஆபீசிலிருந்து மரச் சில்லும் நீலத் தாளும் கட்டுக் கட்டாக வீட்டுக்கு வந்துவிடும். மைதாப் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். தாளில் பசை தடவி, சில்லை வைத்து, மடித்து, விரலால் ஒரு நீவு நீவினால் ஒரு பெட்டி. 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். கூலியைக் குரோஸ் கணக்கில்தான் தருவார்கள். கோணலாக ஒட்டியதைக் கணக்குப்பிள்ளை தனியே எடுத்து எறிந்துவிடுவார், அதற்குக் கூலி கிடையாது.

அந்த வருஷம் ‘மச்சானைப் பார்த்தீங்களா’ ஓயவே இல்லை. ‘அன்னக்கிளி’ முந்தின வருஷம் மே 14-ல் வந்த படம். இளையராஜாவுக்கு அதுதான் முதல் படம். ஜானகியின் குரல் எடுத்ததும் அம்மாவின் கை நின்றுவிடும். சோறு பொங்கி வழிந்தால்கூட எழுந்திருக்காமல் எங்களைத்தான் ஏவுவாள், பெட்டி ஒட்டுகிற கை அப்படி ஓடிக்கொண்டே இருக்கும். இந்தப் பாட்டுக்கு மட்டும் பசைக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “எய்யா, கொஞ்சம் கூட்டி வையி” என்பாள். பாட்டு முடிகிற வரைக்கும் கை அப்படியே அந்தரத்தில் நிற்கும்.

இலங்கை அறிவிப்பாளர்களை நான் மறக்கவே மாட்டேன். கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் தமிழை அத்தனை திருத்தமாகப் பேசுவார்கள். எந்தப் படம், யார் பாடியது, யார் எழுதியது, யார் இசை என்று எல்லாம் சொல்வார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத என் அம்மா, அந்தப் பாட்டை எழுதியது பஞ்சு அருணாசலம் என்று அடுத்த வீட்டு மதினிக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

மத்தியானம் கம்மங்கூழும் சின்ன வெங்காயமும். ராத்திரி வாசலில் தண்ணீர் தெளித்துக் கயிற்றுக் கட்டிலைப் போட்டுத் தூங்கிவிடுவோம்.

கேள்வி: சின்ன வயதில் வீட்டிலேயே சினிமா காட்டினோம் என்று சொன்னால் என் பேரன் நம்ப மாட்டேன் என்கிறான். நீங்கள் காட்டியதுண்டா?
– வாசகர், சாத்தூர்

பதில்: நிறையக் காட்டியிருக்கிறேன். கோடை வெயில் இல்லாவிட்டால் அந்தச் சினிமாவே கிடையாது. பேரனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஃபியூஸ் போன குண்டு பல்பு ஒன்றின் அடியைப் பக்குவமாக உடைத்து, உள்ளே இருக்கிற கம்பியை எடுத்துவிட்டு, சுத்தமான தண்ணீரை நிரப்ப வேண்டும். அதுதான் லென்ஸ். ஜன்னல் கதவுகளைச் சாத்தி அறையை இருட்டாக்கிவிட்டு, எதிர்ச் சுவரில் அப்பாவின் வேட்டியைக் கட்டுவோம். வெளியே ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து, வெயிலைக் கதவு இடுக்கு வழியாக உள்ளே திருப்புவான். அந்த ஒளி முதலில் ஃபிலிம் துண்டில் விழ வேண்டும், அப்புறம் பல்பு, அப்புறம் வேட்டி. ஃபிலிமைத் தலைகீழாகப் பிடித்தால்தான் படம் நேராக விழும். பல்பைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தினால், கலங்கலாகத் தெரிந்த மூஞ்சி சட்டென்று தெளிந்து சிரிக்கும்! படம் அசையாது. வசனத்தை நாங்களே பேசிக்கொள்வோம்.

சூரியன் நகர்ந்துகொண்டே இருக்கும். கண்ணாடிக்காரனும் அதற்கேற்ப அசைக்க வேண்டும், இல்லாவிட்டால் படம் மெல்ல வேட்டியை விட்டு இறங்கிப் போய்விடும். வெறுங்காலோடு சுடு மண்ணில் நிற்கிற அவனுக்குப் படமும் தெரியாது. எப்போதும் என் தம்பிதான் நிற்பான். “இப்ப யாருண்ணே வாராக?” என்று வெளியே இருந்து கேட்டுக்கொண்டே இருப்பான். அவனை இன்னும் நிறையத் தடவை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருக்க வேண்டும். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

பேரன் செய்து பார்க்க ஆசைப்பட்டால் பல்பை நீங்களே உடைத்துக் கொடுங்கள். கண்ணாடி வெளிச்சம் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டூரிங் டாக்கீஸில் ஏன் மூன்று நான்கு இடைவேளை?
– வாசகர், தேனி

பதில்: பல கொட்டகைகளில் ஒரே ஒரு புரொஜெக்டர்தான். ரீல் மாற்ற வேண்டுமானால் படத்தை நிறுத்தித்தான் ஆக வேண்டும். முறுக்கு விற்பவருக்கு அது நல்ல யோகம். கீற்று இடுக்கு வழியாக வெளிச்சம் புகுந்துவிடும் என்பதால் பகல் ஆட்டம் கிடையாது. பொழுது சாயும்போது சீர்காழி கோவிந்தராஜனின் ‘விநாயகனே’ காற்றில் வந்தால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்துகொள்வோம். எங்களுக்கு மணல் டிக்கெட்தான். மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்துகொள்ளலாம்.

கேள்வி: பேட்டரியை வெயிலில் காயவைப்பார்களே, அதனால் உண்மையிலேயே பலன் உண்டா?
– வாசகி, விருதுநகர்

பதில்: கொஞ்சம் உண்டு. சூட்டில் உள்ளே இருக்கிற ரசாயன வேலை சற்று வேகம் பிடிக்கும். புதிதாகச் சார்ஜ் எதுவும் ஏறாது, மிச்சம் இருப்பது வெளியே வரும், அவ்வளவுதான். எங்களுக்கு அது ஒரு ‘பொங்கும் பூம்புனல்’ கேட்கப் போதுமானதாக இருந்தது.

கேள்வி: அந்த டிரான்சிஸ்டர் இன்னும் இருக்கிறதா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: இருக்கிறது. பாடாது. அம்மா “கூட்டி வையி” என்ற போதெல்லாம் நான் பசை விரலோடுதான் திருகியிருக்கிறேன். வால்யூம் திருகின் வரிப் பள்ளத்தில் அந்தப் பசை கெட்டியாகக் காய்ந்து கிடக்கிறது. போன மாதம் என் மகள் துடைக்க எடுத்தாள். மேலே தூசியை மட்டும் தட்டிவிட்டு வைக்கச் சொன்னேன்.