பெரியப்பா பேசி வைத்த ஏஐ சீட்டும் மகள் எழுதிய நிரலும்

தேனிப் பக்கத்திலிருந்து ஒரு ஸ்டுடியோக்காரர் எழுதியிருக்கிறார். கல்யாண வீடியோ எடுப்பவர். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், மார்க் சுமார். "நாள் முழுக்கக் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக எதையோ ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் சார். அவள் பெரியப்பா கோயம்புத்தூரில் ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் மேனேஜ்மென்ட் சீட் பேசி வைத்திருக்கிறார். நாலு வருடத்துக்கு எல்லாம் சேர்த்து 12 லட்சம். வீட்டுப் பத்திரத்தை வைத்தால் புரட்டிவிடலாம். இந்தப் பிள்ளை தேறுவாளா?"

ஐயா, ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லத்தான் உட்கார்ந்தேன். கடிதத்தோடு அவள் எழுதிய பைத்தான் நிரலையும் இணைத்திருந்தீர்கள். அதைப் படித்ததும் என் கவலையெல்லாம் அந்தப் பத்திரத்தின் மேல் போய்விட்டது.

அவள் செய்திருப்பது என்ன தெரியுமா? உங்கள் ஸ்டுடியோவில் குவிந்து கிடக்கும் வீடியோக்களைச் சுருக்க எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறாள். அதற்குப் பொத்தான் கிடையாது, கட்டளை அடித்துத்தான் ஓட்ட வேண்டும். கட்டளை அடிக்கும் வேலையை அவளுடைய நிரல் செய்கிறது. இப்படி ஓடும் எந்த நிரலுக்கும் மூன்று வாசல்கள் உண்டு: உள்ளே வாங்க ஸ்டாண்டர்ட் இன்புட், பதில் சொல்ல ஸ்டாண்டர்ட் அவுட்புட், புலம்ப ஸ்டாண்டர்ட் எரர். இந்த மூன்றையும் திரையிலிருந்து பிரித்துத் தன் நிரலுக்குள் திருப்பிக்கொண்டிருக்கிறாள். 1973இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் யூனிக்ஸ் இயங்குதளத்தில் பைப்பை, அதாவது ஒரு நிரலின் வாசலை இன்னொன்றோடு இணைக்கும் குழாயைக் கொண்டுவந்தார். இன்றும் உலகம் முழுக்க எத்தனையோ சர்வர்கள் இந்த வழியில் வேலை பார்க்கின்றன.

நிரலுக்கு நடுநடுவே அவள் எழுதி வைத்திருக்கும் குறிப்புகளைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். 'குமார் & செல்வி' என்று பெயர் வைத்த ஃபைலில் கட்டளை உடைந்திருக்கிறது. நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். ஷெல்லுக்கு அந்த '&' என்றால் 'இதைப் பின்னணியில் ஓடவிட்டு அடுத்ததைப் பார்' என்று பொருள். மாப்பிள்ளை பெயரோடு கட்டளை முடிந்து, பெண் பெயர் தனிக் கட்டளையாகிவிட்டது! கட்டளையை ஒரே சரமாக ஷெல்லிடம் தராமல் பட்டியலாகப் பிரித்து நேரடியாகத் தந்து சரிசெய்திருக்கிறாள். அந்நியர் தரும் பெயரை அப்படியே ஷெல்லில் விட்டால் கணினியே பறிபோகலாம் என்பது பாதுகாப்புத் துறையின் பாலபாடம். இவள் அதைக் கல்யாணப் பத்திரிகைப் பெயரிலிருந்து கற்றிருக்கிறாள்.

அடுத்தது இன்னும் நுட்பம். சின்ன வீடியோ ஓடுகிறது, மூன்று மணி நேர முகூர்த்த வீடியோ மட்டும் சில நிமிடத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. பிழைச்செய்தியும் இல்லை. காரணம், எஃப்எஃப்எம்பெக் தன் முன்னேற்ற விவரத்தை ஸ்டாண்டர்ட் எரரில்தான் எழுதும். லினக்ஸ் இயங்குதளத்தில் பைப் வழக்கமாக 64 கேபி வரைதான் கொள்ளும். இவளுடைய நிரல் அதை எடுத்துப் படிக்காமல் 'நீ முடி, பிறகு பார்க்கிறேன்' என்று காத்திருக்க, பைப் நிரம்பியதும் எஃப்எஃப்எம்பெக் 'நீ படி, பிறகு எழுதுகிறேன்' என்று நின்றுவிட்டது. சம்பந்தி வீட்டார் இருவரும் மறுதரப்பு முதலில் பேசட்டும் என்று உட்கார்ந்த கதை. இதற்கு டெட்லாக் என்று பெயர். பைத்தானில் உள்ள கம்யூனிகேட் என்ற முறையைப் பயன்படுத்தினால், நிரல் வந்துகொண்டிருப்பதைப் படித்தபடியே காத்திருக்கும். அதையும் தானே கண்டுபிடித்து மாற்றியிருக்கிறாள்.

இன்னொரு தடவை, பழைய ஃபைல் இருந்ததால் 'மேலெழுதவா?' என்று எஃப்எஃப்எம்பெக் கேட்டிருக்கிறது. வெளியீட்டைத் திருப்பிவிட்டதால் கேள்வி திரைக்கே வரவில்லை. 'ஆம்' என்பதற்கான ஒய் என்ற ஒற்றை எழுத்துக்காக ராத்திரி முழுக்கக் காத்திருந்தது அது. இப்போது அனுமதியைக் கட்டளையிலேயே தந்துவிட்டு, இன்புட் வாசலை மூடிவைக்கிறாள். நிரல் முடியும்போது விட்டுச்செல்லும் எண்ணுக்கு எக்ஸிட் கோட் என்று பெயர், 0 என்றால் பிழையில்லை. அந்த 0 வந்தால் மட்டுமே வேலை முடிந்ததாகக் கணக்கு.

ஏஐ வேண்டாமா என்று பெரியப்பா கேட்பார். நிரல் எழுதித்தரும் ஏஐ கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்று அவரிடமே கேளுங்கள். கட்டளையை ஓட்டுகின்றன, வெளியீட்டையும் எக்ஸிட் கோடையும் படிக்கின்றன, பிழை இருந்தால் திருத்தி மறுபடி ஓட்டுகின்றன. உங்கள் மகளின் கறுப்புத் திரைதான் அங்கேயும். பட்டத்தின் பெயரில் அந்த இரண்டு எழுத்து இருப்பதற்காக 12 லட்சமா? வட்டியை யார் கட்டுவது, பெரியப்பாவா?

என் யோசனை: பக்கத்து அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல். கட்டணம் சில ஆயிரங்களில் முடியும். 'வெறும் பி.எஸ்சி.யா' என்று சொந்தபந்தம் உதட்டைப் பிதுக்கும், பிதுக்கட்டும். பாதகத்தையும் மறைக்கவில்லை. சில கம்பெனிகள் பி.இ. இல்லாத விண்ணப்பத்தைத் திறந்தே பார்க்காது, தொடக்கச் சம்பளமும் குறைவாக இருக்கலாம். அதற்குத்தான் பிறகு டான்செட் நுழைவுத்தேர்வு எழுதி இரண்டு வருட எம்.சி.ஏ. அதற்குள் 12 லட்சத்தில் பாதிகூடச் செலவாகாது.

மூன்று வருடத்தில் மாலை நேரம் அவள் கையில். முதலில் சி மொழியில், ஓடும் நிரலைப் பிரதியெடுக்கும் ஃபோர்க், அதில் வேறு நிரலை ஏற்றும் எக்ஸெக், இரண்டையும் இணைக்கும் பைப், இந்த மூன்றையும் வைத்துச் சொந்தமாக ஒரு குட்டி ஷெல் எழுதட்டும். பைத்தான் மூடிவைத்திருப்பதெல்லாம் அப்போது வெளியே தெரியும். அடுத்து ஸ்டாக்ஃபிஷ் சதுரங்க எஞ்சினை நிரலிலிருந்து ஓட்டி விளையாடவைக்கட்டும். ஒரே கேள்வி பதிலோடு முடியாமல், ஓடிக்கொண்டிருக்கும் நிரலோடு வரிவரியாகப் பேச வேண்டியிருக்கும். மறுமுனையில் திரை இல்லாமல் பைப் இருந்தால் பல நிரல்கள் வெளியீட்டைத் தேக்கிவைத்து மொத்தமாகத் தள்ளும், அந்தத் தொல்லையையும் ஒரு முறை பட வேண்டும். பிறகு, மாணவர் நிரலை ஓட்டி, உள்ளீடு கொடுத்து, விடையை ஒப்பிட்டு, நேரம் தாண்டினால் நிறுத்தும் ஒரு தேர்வு இயந்திரம். அதைக் கல்லூரி லேபுக்கே போட்டுக் கொடுக்கலாம். மென்பொருளைத் தானாகச் சோதிக்கும் டெஸ்ட் ஆட்டோமேஷன், அதை சர்வரில் ஏற்றி ஓடவைக்கும் டெவ்ஆப்ஸ், இந்த வேலைகளின் அடிப்படை இதுதான். நேர்முகத்தில் மார்க் ஷீட்டுக்குப் பக்கத்தில் இதைக் காட்டலாம்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. ஏஐ பிரிவுதான் வேண்டும் என்று அவளே சொன்னால், கவுன்சலிங்கில் கிடைக்கும் கல்லூரியில் படிக்கட்டும். அப்போதும் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், அவளிடம் கேட்டீர்களா என்று ஒரு வரிகூட இல்லை.

செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் அவள் வைத்திருக்கும் கணினிக்கு ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் வாங்கிப் போடுங்கள். முன்பணம் கட்ட பெரியப்பா சொன்ன தேதிக்குள் அவரிடம் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். போனில் வேண்டாம், நேரில் போய்ச் சொல்லுங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு.