சுவரில் வரைந்த விண்கலம் அடியிலிருந்து உரிகிறது என்றால்

மேலே மறுபடி பெயின்ட் அடிக்காதீர்கள், நிற்காது. பழுது பெயின்டில் இல்லை, சுவர் உப்புப் பூத்திருக்கிறது. திருவொற்றியூரில் கடலை ஒட்டிய கீழ்த்தள வீடு, கலத்தின் அடிப்பாகம் மட்டும் கொப்புளித்து வெள்ளைப் பொடி உதிர்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் அஸ்திவார ஈரம் உப்போடு மேலேறுகிறது.

ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப்பால் மூடி ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் நீர் முத்துகள் இருந்தால் ஈரம் உள்ளிருந்துதான் வருகிறது.

பொடியை உலர்ந்த பிரஷால் தட்டுங்கள். கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் உள்ளே போகும்.

ஆனால் சுவருக்குப் பின்னால் குளியலறை இருந்தால் முதலில் பிளம்பரைக் கூப்பிடுங்கள். குழாய்க் கசிவையும் இந்தச் சோதனை இப்படியேதான் காட்டும். அவ்வளவு அழகான எஞ்சின் சுடரை, என்னைக் கேட்டால், பலகையில் வரைந்து சுவரிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி மாட்டியிருப்பேன்.