வண்டி நிக்குதே அப்பா

கேள்வி: செயின்ட் லூயிஸில் வசிக்கிறேன். வசந்த காலத்தில் மார்க் ட்வைன் தேசிய வனத்துக்கு வான்கோழி வேட்டைக்குப் போவது வழக்கம். இந்த ஆண்டு பதிமூன்று வயது மகனையும் அழைத்துப் போனேன். ஒரு சேவல் எந்த மரத்தில் அடைகிறது என்று முதல் நாள் மாலையே பார்த்து வைத்திருந்தோம். மறுநாள் காலை ஐந்தேகால் மணிக்குப் போனால், கேட் அருகே ஒரு பிக்கப் நின்றிருந்தது. “வண்டி நிக்குதே அப்பா, வேற இடத்துக்குப் போலாமா?” என்றான் மகன். யாராவது காளான் பறிக்க வந்திருப்பார்கள் என்று சொல்லி அவனைக் கூட்டிக்கொண்டு உள்ளே நடந்தேன். விடியும் நேரத்தில் சேவல் கத்தியது. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெட்டையும் கத்தியது. மெல்ல நெருங்கிப் போனோம். திடீரென்று எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் மரத்தடியிலிருந்து எழுந்து சத்தம் போட்டார். சேவல் போய்விட்டது. நாலு மணியிலிருந்து அங்கே இருப்பதாகச் சொன்னார். “இது பொது நிலம், நானும் வரி கட்டுகிறேன்” என்று நானும் விடவில்லை. வண்டியை நிறுத்திவிட்டால் காடே சொந்தமாகிவிடுமா? பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதையாக அல்லவா இருக்கிறது! ஒருவர் வேட்டையை இன்னொருவர் கெடுப்பது இங்கே சட்டப்படி குற்றம் என்கிறார்கள். அவர் வண்டி எண்ணைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். புகார் கொடுக்கலாமா? மகன் வேறு இனிமேல் வரவே மாட்டேன் என்கிறான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை.

— பெயர் வேண்டாம், மிசூரி

பதில்:

தம்பி, ஏப்ரல், மே மாதங்களில் இந்த வழக்கு எனக்குத் தவறாமல் வந்துவிடும். மாநிலம் மாறும், காட்டின் பெயர் மாறும். எழுதுகிறவர் எப்போதும் நியாயவான், எதிரே வந்தவர் எப்போதும் முரடர். அந்தப் பெரியவரைப் பற்றி நீங்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். என்னைப் பிடித்து நிறுத்தியது அவர் இல்லை. காளான் பறிக்க வந்திருப்பார்கள் என்று மகனிடம் சொன்னீர்களே, அந்த ஒரு வரிதான்.

ஏப்ரலில் மிசூரிக் காடுகளில் மோரல் காளான் முளைக்கும், அதைத் தேடிச் சனங்கள் கிளம்புவார்கள் என்பதெல்லாம் உண்மை. ஆனால் காலை ஐந்தேகால் மணிக்கு, கை நீட்டினால் கை தெரியாத இருட்டில், காய்ந்த இலைக்கு நடுவே அதே நிறத்தில் ஒளிந்திருக்கும் காளானை எவர் தேடுவார்? வான்கோழிப் பருவத்தில் அந்த நேரத்தில் கேட் அருகே பிக்கப் நின்றால் உள்ளே யார் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் மகனுக்கும் தெரிந்திருந்தது, அதனால்தான் கேட்டான். தெரிந்துகொண்டே அவனிடம் ஒரு பொய்யைச் சொன்னீர்கள். சேவல் மரத்தில் இருக்கிறது, அதை விட்டுப் போக மனசில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அதன் பிறகு நடந்த ஒவ்வொன்றும் அந்தப் பொய்யின் வழியிலேயே நடந்திருக்கிறது. பெட்டை கத்தியது என்கிறீர்கள். அது பெட்டை இல்லை, தம்பி. மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கோழிக் குரல் எழுப்பும் சிறு மரப்பெட்டியையோ வாயில் வைக்கும் கருவியையோ வைத்து அந்த மனிதர் எழுப்பிய ஒலியாகத்தான் இருக்க வேண்டும். கேட்டில் வண்டி நிற்பதைப் பார்த்தவருக்கு அந்தச் சத்தம் கேட்டதும் முதலில் தோன்ற வேண்டியது அதுதானே! நீங்களோ அந்தச் சத்தத்தை நோக்கி, தலை முதல் கால் வரை உருமறைப்பு உடை போட்டுக்கொண்டு, அரை இருட்டில், ஒரு சிறுவனையும் கூட்டிக்கொண்டு பதுங்கிப் பதுங்கிப் போயிருக்கிறீர்கள்.

வான்கோழி கத்தும் திசையில் பதுங்கிப் போகாதே என்பது வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லும் பாடம். இந்த வேட்டையே ஒரே இடத்தில் உட்கார்ந்து, பெட்டையின் குரல் கொடுத்து, சேவலைத் தன்னிடம் வரவழைப்பதுதான். அங்கே அசைவது சேவல் என்று நம்பிச் சுட்டு மனிதர் மேல் ரவை பாய்ந்த விபத்துகள் உண்டு. சேவலின் தலையில் சிவப்பும் வெள்ளையும் நீலமும் இருப்பதால், வசந்த வேட்டைக்குப் போகிறவர் அந்த மூன்று நிறத்தில் கைக்குட்டைகூட வெளியே தெரிய வைத்துக்கொள்வதில்லை. நாற்பது கஜத்துக்குள் வரும் பறவைக்காகத் துப்பாக்கியை முழங்கால் மேல் வைத்துக் காத்திருந்தவர் முன்னால் உங்கள் மகன் தவழ்ந்து வந்திருக்கிறான். அவர் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார். யாராவது நெருங்கினால் கையை ஆட்டாதே, கோழிச் சத்தம் எழுப்பாதே, மனிதக் குரலில் உரக்கப் பேசு என்றுதான் சொல்லிக் கொடுக்கிறார்கள். உட்கார்ந்தபடியே குரல் கொடுத்திருக்க வேண்டும், எழுந்தது அவர் தவறு. அவர் பக்கத்தில் எனக்குத் தெரியும் குறை அது ஒன்றுதான். அந்தச் சத்தத்துக்காக அவர் மேல் புகார் கொடுக்கப் போகிறீர்களா? ஒரு தகப்பனாக அவருக்கு நன்றி சொல்ல வேண்டியவர் நீங்கள்.

புகார் என்றதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் வேட்டையை இன்னொருவர் கெடுப்பதைத் தடுக்கும் சட்டம் ஐம்பது மாநிலங்களிலும் இருக்கிறது. வேட்டையை எதிர்ப்பவர்கள் காட்டுக்குள் வந்து வேண்டுமென்றே தொல்லை செய்ததைத் தடுக்கப் பெரும்பாலும் கொண்டுவந்தவை அவை. தெரிந்தே, தடுக்கும் நோக்கத்தோடு செய்தாரா என்பதுதான் கேள்வி. கன்சர்வேஷன் ஏஜென்ட், அதாவது வேட்டைச் சட்டத்தைக் கவனிக்கும் மாநில அதிகாரி, வந்து விசாரித்தால் முதலில் கேட்கப்போவது யார் முன்னால் வந்தார், வண்டி நிற்பதைப் பார்த்தீர்களா என்பதாகத்தான் இருக்கும். பக்கத்தில் நிற்கும் மகன் என்ன சொல்வான்? அப்பாவுக்காக அவனும் காளான் கதையைச் சொல்ல வேண்டுமா? படத்தை அழித்துவிடுங்கள்.

பொது நிலம் என்ற உங்கள் வாதத்துக்கு வருகிறேன். துண்டு போட்ட கதை என்றீர்கள். துண்டைப் போட்டவர் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருப்பார். இவர் இருட்டில் வந்து அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒருவர் வண்டியை நிறுத்தியதால் மலையே அவருடையது ஆகிவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் மலைக்கு அந்தப் பக்கம், அவர் குரல் எட்டாத தூரம் போயிருந்தால் நான் இப்படி எழுதியிருக்க மாட்டேன். நீங்கள் போனது அவர் அழைத்துக்கொண்டிருந்த அதே சேவலிடம். முதல் நாள் மாலை நீங்கள் பார்த்து வைத்தது பாத்தியதை ஆகாது. அவரும் அதே மாலையில் வேறு மேட்டிலிருந்து பார்த்திருக்கலாம். பொது நிலத்தில் விடிகாலை முதலில் வந்து உட்கார்ந்தவருக்கு அந்த ஓடை, அந்தச் சரிவு. இதை எந்தப் பலகையிலும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். அரசாங்கம் எழுதி வைக்காததைப் பெரியவர்கள் நடந்து காட்டித்தான் சிறுவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அத்தோடு, மார்க் ட்வைன் தேசிய வனம் சுமார் 15 லட்சம் ஏக்கர், துண்டு துண்டாக 29 கவுன்ட்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) கிடக்கிறது. மகன் கேட்ட ‘வேற இடம்’ அதில் கிடைக்காமலா போயிருக்கும்?

நானும் வரி கட்டுகிறேன் என்று எழுபது வயதுக்காரரிடம் சொன்னது எனக்கு இன்னும் உறுத்துகிறது. வயதில் மூத்தவர் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்தச் சேவல் அங்கே எப்படி வந்தது என்று யோசித்தீர்களா? கண்மண் தெரியாமல் சுட்டதாலும் காட்டை வெட்டியதாலும் மிசூரியில் வான்கோழி அழியும் நிலைக்கு வந்து, 1930களின் பிற்பகுதியில் வேட்டையையே மூடிவிட்டார்கள். மறுபடி திறந்தது 1960-இல், அதுவும் 14 கவுன்ட்டிகளில் மூன்றே நாள். இடைப்பட்ட காலத்தில் பெக் ராஞ்ச் வனப்பகுதி போன்ற இடங்களில் எஞ்சியிருந்த பறவைகளைக் காத்து, வலை வீசிப் பிடித்து, இல்லாத கவுன்ட்டிகளில் கொண்டுபோய் விட்டார்கள். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி வசூலான வரிப் பணம் இப்படிப்பட்ட வேலைகளுக்குப் போனது. நீங்கள் பெருமையாகச் சொன்ன வரியைப் போல பல மடங்கு அந்தப் பெரியவர் தன் ஆயுளில் கட்டியிருப்பார். அவர் மிசூரிக்காரர் என்றால், அவருடைய அப்பா வான்கோழி வேட்டைக்கே போக முடியாமல் இருபது வருஷத்துக்கு மேல் காத்திருந்த தலைமுறை. அத்தனை பேர் கையைக் கட்டிக்கொண்டு இருந்ததால்தான் உங்கள் மகன் விடிகாலையில் ஒரு சேவல் கத்துவதைக் கேட்டான். நீங்கள் ஒரு காலைப்பொழுது விட்டுக் கொடுத்திருக்கக் கூடாதா?

அந்த மாநிலத்தில் வான்கோழி ஒரு காலத்தில் இருந்த அளவு இப்போது இல்லை. பொது நிலத்தில் நெருக்கடியும் இருக்கிறது. தனியார் நிலத்தில் இப்போது சாயங்காலம் வரை வேட்டையாடலாம், பொது நிலத்தில் பகல் 1 மணியோடு முடிகிறது. எல்லோருக்கும் அந்த விடிகாலை இரண்டு மணி நேரம்தான் வேண்டும். உங்கள் ஆத்திரம் எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. அதற்கு நான் சொல்லக்கூடியது சுருக்கமானது. நாலைந்து இடங்களை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். ஒரு கேட்டில் வண்டி நின்றால் அடுத்ததற்குப் போங்கள். வண்டிக்காரர் இன்னும் கிளம்பாமல் நின்றால் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று கேளுங்கள், முக்கால்வாசிப் பேர் மகிழ்ச்சியாகச் சொல்லிவிடுவார்கள். உள்ளே போன பிறகு உங்களுக்கும் சேவலுக்கும் நடுவில் பெட்டைக் குரல் கேட்டால், அது மனிதர் என்றே வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் வந்த வழியே திரும்புங்கள். பறவை கிடைத்தால் ஆரஞ்சுத் துணியில் சுற்றித் தூக்கி வாருங்கள்.

இனி உங்கள் மகன். பொறுமை இல்லாத பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். விடியும் முன்னே எழுந்து, இருட்டில் உங்களோடு நடந்து, நின்ற வண்டியைப் பார்த்து, உள்ளே இருப்பவரை நினைத்து, போய்விடலாமா என்று கேட்ட பிள்ளை அவன். அன்று காலை அந்தக் கேட்டில் பொறுமையாக இருந்தது அவன் ஒருவன்தான். அதற்கு அவன் கண்ட பலன்? அப்பா ஒரு பொய் சொன்னார், ஒரு முதியவரோடு தன் கண் முன்னால் சண்டை போட்டார், பிறகு வீட்டுக்கு வந்து அவர் மேல் புகார் கொடுக்கக் கிளம்புகிறார். இத்தனைக்கும் பிறகு அவன் காட்டுக்கு வரமாட்டேன் என்றால், அவனுக்குக் காடு பிடிக்கவில்லை என்று நான் நம்ப மாட்டேன். உங்களோடு வர அவனுக்கு வெட்கமாக இருக்கிறது.

பிள்ளைக்குத் துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக் கொடுக்கும் தகப்பனுக்கு மற்றத் தகப்பன்களைவிடக் கடமை கூடுதல் என்பது என் உறுதியான எண்ணம். சுடாமல் வைக்க வேண்டிய நேரம் எது, போகாமல் திரும்ப வேண்டிய இடம் எது என்பதை அவன் உங்களிடம்தான் பார்த்துக் கற்க வேண்டும். இந்த விஷயத்தில் அவனுக்கே அது தெரிந்திருந்தது. நீங்கள் அவன் கண்டுபிடித்ததை அழித்துவிட்டீர்கள். நாளை இருபது வயதில் அவன் தனியாக அதே கேட்டில் வந்து நிற்கும்போது, அவனுக்கும் காளான் ஞாபகம் வந்தால் என்ன செய்வது?

ஆகவே முதலில் அவனிடம் போய், நீ சொன்னது சரி, எனக்கும் அது வேட்டைக்காரர் வண்டி என்று தெரியும், பொய் சொன்னேன் என்று சொல்லுங்கள். ‘ஆனால்’ என்று அதோடு எதையும் சேர்க்காதீர்கள். பெரியவரைப் பற்றி அந்தப் பேச்சில் ஒரு வார்த்தை வேண்டாம். இந்தப் பருவத்தில் அவன் வர மறுத்தால் வற்புறுத்தாதீர்கள், அக்டோபரில் இலையுதிர் காலப் பருவம் இருக்கிறது, அடுத்த ஏப்ரலில் சிறுவர்களுக்கென்றே தனி வார இறுதி வருகிறது. வருகிறேன் என்றால் எந்தக் கேட், எந்தப் பாதை என்பதை அவன் சொல்லட்டும். அங்கே ஒரு வண்டி நின்று, போகலாம் அப்பா என்று அவன் சொன்னால், சேவல் தலைக்கு மேலேயே கத்தினாலும் வண்டியைத் திருப்புங்கள்.