வாலிபர் ஐக்கியம் நடத்துவோர் கேட்டவையும் என் பதில்களும்

திருநெல்வேலிப் பகுதியில் ஒரு சேகரத்தின் (சில சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவின்) இளைஞர் அமைப்பான வாலிபர் ஐக்கியத்தை இருபத்தெட்டு ஆண்டுகள் நடத்தியவன் என்பதால், இந்த வாரக் கேள்விகளுக்கு என்னைப் பதில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். குருத்துவம் படித்தவன் அல்லன். பதின்மூன்று வயது முதல் இருபத்தைந்து வயது வரையுள்ள பிள்ளைகளோடு பழகியதில் எனக்குத் தெரியவந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கேள்வி (கோவில்பட்டி, புதிதாகப் பொறுப்பேற்ற செயலர்): ஐம்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், பன்னிரண்டு பேர்தான் வருகிறார்கள். எண்ணிக்கையைக் கூட்ட என்ன நிகழ்ச்சி நடத்தலாம்?

பதில்: தம்பி, பன்னிரண்டு என்பதை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். லண்டனில் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்த்த ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற 22 வயது இளைஞர், உடன் வேலை செய்தவர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஜெபத்துக்கும் வேதவாசிப்புக்கும் கூடியதிலிருந்துதான் 1844-ல் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கம் பிறந்தது. அவரிடம் ஒலிபெருக்கியும் இல்லை, மேடையும் இல்லை. உங்கள் பன்னிரண்டு பேரில் எத்தனை பேருடைய வீட்டுக்குள் நீங்கள் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள்? யாருடைய தகப்பனார் வெளிநாட்டில் இருக்கிறார், யாருக்குக் கல்லூரிக் கட்டணம் பாக்கி என்று உங்களுக்குத் தெரியுமா? நிகழ்ச்சியைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

எங்கள் ஐக்கியத்தில் ஒரு பையன் இரண்டு ஆண்டுகள் கடைசி பெஞ்சில் சுவரோடு சாய்ந்தபடியே இருந்தான். கேள்வி கேட்டால் தரையைப் பார்ப்பான். நான் ஆயத்தம் செய்து கொடுத்த பாடம் எதுவும் அவனை அசைக்கவில்லை. ஓர் ஆண்டு, சபையின் பொதுவிருந்தான அசனத்தன்று குழம்பு வாளி தூக்க வேண்டியவர் வராமற்போக, அருகில் நின்ற அவனைக் கூப்பிட்டு வாளியைக் கொடுத்தேன். மூன்றாம் பந்தியில் பார்க்கிறேன்: இடது கையில் வாளி, வலது கையில் கரண்டி, முழங்கைவரை குழம்புத் தெறிப்பு, இலைக்கு இலை குனிந்து, “இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா ஆச்சி?” என்று கேட்டுக்கொண்டே போகிறான். அவன் குரலை நான் முழுமையாகக் கேட்டது அன்றுதான். மறு ஆண்டு இலைக்கணக்கு, தண்ணீர், ஆட்களைப் பிரித்துவிடுவது எல்லாவற்றையும் அவனிடமே ஒப்படைத்தோம். அதற்கடுத்த ஆண்டு ஆராதனையில் வேதபாடம் வாசிக்க எழுந்து நின்றான். பிள்ளைகளை உட்காரவைத்துக் கேட்கச் செய்வதையே நாம் வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம்பி ஒரு வேலையைக் கொடுத்து, அது தவறினாலும் பரவாயில்லை என்று பக்கத்திலேயே நிற்கும் பெரியவர்தான் அவர்களுக்குக் குறைவுபடுகிறார்.

கேள்வி (தென்காசி): முகாமின் கடைசி இரவில் நாற்பது பேர் கை உயர்த்தித் தங்களைத் தேவனுக்கு ஒப்புக்கொடுத்தார்கள். மூன்று மாதம் ஆகிறது, ஒருவரையும் காணோம். எங்கே தவறினோம்?

பதில்: கைகளை எண்ணியதில் தவறினீர்கள். மூன்று நாள் சரியான தூக்கம் இல்லாத, வீட்டை விட்டு வந்திருக்கிற பதினைந்து வயதுப் பிள்ளை, விளக்கைக் குறைத்து மெல்லிய இசை வாசித்தால் அழத்தான் செய்யும். அந்தக் கண்ணீரைப் பொய் என்று சொல்லமாட்டேன்; அதில் உண்மையாகவே தேவனைச் சந்தித்தவர்களை நான் அறிவேன். ஆனால் அது விதைப்பு. நீங்களோ அதை அறுவடை என்று அறிக்கையில் எழுதிவிட்டீர்கள். முகாமுக்குப் புறப்படுமுன்பே, ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று பிரித்துவையுங்கள். திரும்பி வந்த இரண்டு வாரத்துக்குள் அவர் ஐந்து வீடுகளுக்கும் போய்வர வேண்டும். பெரியவர்கள் கிடைக்காவிட்டால் முகாமைச் சிறிதாக்குங்கள். நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தும் செய்தியாளரை எவ்வளவு புகழ் இருந்தாலும் பிள்ளைகள் முன் நிறுத்தாதீர்கள். பயத்தில் வந்தவன் பயம் தெளிந்ததும் போய்விடுவான்.

கேள்வி (பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவர்): முழுநேர ஊழியத்துக்குக் கர்த்தர் அழைக்கிறார் என்று உறுதியாக உணர்கிறேன். கல்லூரியை விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. அழைப்பை நான் சந்தேகிக்கவில்லை, அவசரத்தைத்தான் சந்தேகிக்கிறேன். திண்டிவனத்தில் ஒரே இரவில், பிரசவத்தில் தவித்த மூன்று பெண்களுக்காக மூன்று வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து, மிஷனரி மருத்துவர் ஒருவரின் மகளான ஐடா ஸ்கடரை அழைத்தார்கள். அவர் மருத்துவம் படித்தவர் அல்லர். ஆண் மருத்துவரான தகப்பனாரை அந்த வீட்டார் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவுதான் அவருடைய அழைப்பு. அவர் மறுநாளே ஊழியத்துக்குக் கிளம்பிவிடவில்லை. அமெரிக்கா போய்ப் படித்து, 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-ல்தான் திரும்பி வந்தார். அவர் நிறுவிய வேலூர் மருத்துவமனை அந்தப் படிப்பின் மேல் நிற்கிறது. மீதமிருக்கும் இரண்டு ஆண்டுகளை முடி. அழைப்பு உண்மையானால் அது காத்திருக்கும்.

கேள்வி: வாலிபர்களுக்கு எந்த வேதாகம மொழிபெயர்ப்பு நல்லது?

பதில்: அவர்கள் திறந்து வாசிக்கிற மொழிபெயர்ப்பு.

கேள்வி: குழந்தை ஞானஸ்நானம் சரியா, முழுக்கு ஞானஸ்நானம் சரியா?

பதில்: உங்கள் குருவானவரைக் கேளுங்கள். வாலிபர் கூட்டத்தில் இந்த விவாதத்தைத் தொடங்காதீர்கள்.

கேள்வி (இளம் தலைவர், இருபத்தாறு வயது): பிரச்சினையில் இருக்கும் பிள்ளைகள் இரவில் எனக்குத் தனியாக வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்கள். ஆலோசனை சொல்கிறேன். சிலர் இதைத் தவறு என்கிறார்கள்.

பதில்: தவறுதான், இன்றே நிறுத்துங்கள். உங்கள் மனது சுத்தமாக இருக்கலாம். ஆனால், பெரியவர் ஒருவர் தனியாக நள்ளிரவில் பேசுவது இயல்பு என்று அந்தப் பிள்ளைக்கு நீங்கள் பழக்கிவிடுகிறீர்கள். நாளை தீய நோக்கத்தோடு ஒருவன் எழுதினாலும் அது சந்தேகப்படாது. பகலில், கதவு திறந்திருக்கும் அறையில், இன்னொரு பெரியவர் பார்வையில் பேசுங்கள். பெண்பிள்ளைகளோடு பேச ஒரு சகோதரியை ஏற்படுத்துங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிறையாத எவரும் குழந்தைதான். பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. “சபையின் பெயர் கெட்டுவிடும், உள்ளேயே பேசி முடிப்போம்” என்று மூப்பர் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

கேள்வி (நாகர்கோவில், ஒரு தாய்): மகன் பிளஸ் டூ படிக்கிறான். ஞாயிறு காலை டியூஷன் இருப்பதால் ஆராதனைக்கு வர முடியவில்லை. சபையில் எல்லாரும் கண்டிக்கிறார்கள்.

பதில்: அம்மா, உங்கள் மகனைக் கண்டிப்பதில் நியாயம் இல்லை. 1780-ல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியதே, ஆறு நாளும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கொடுப்பதற்காகத்தான். படிப்பையும் விசுவாசத்தையும் எதிரிகளாக்குவது நம்முடைய சொந்த வரலாற்றையே மறப்பதாகும். அதே சமயம், பிள்ளைகள் மிக அதிகமான பாரம் சுமக்கும் இரண்டு ஆண்டுகளில் நாம் அவர்களைத் தனியே விட்டுவிடுகிறோம் என்பதும் உண்மை. சனிக்கிழமை மாலையில் நாற்பது நிமிடம் அவர்களுக்கென்று ஒரு சிறு கூடுகையை உங்கள் ஐக்கியம் ஏற்படுத்த முடியும். எங்களால் முடிந்தது.

மார்த்தாண்டம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: ஐயா, நீங்கள் தவறான வழியைத் திறந்துவிடுகிறீர்கள். ஞாயிறு கர்த்தருடைய நாள். இன்று டியூஷனுக்கு விட்டுக்கொடுத்தால் நாளை வேலைக்கும் விட்டுக்கொடுப்பான்.

பதில்: உங்கள் கவலை நியாயமானது, ஐயா. நானும் ஞாயிறு ஆராதனையை இலேசாக எண்ணுபவன் அல்லன். ஆனால் டியூஷன் நேரத்தைப் பிள்ளையா முடிவு செய்கிறான்? நாம்தான் முடிவு செய்கிறோம். எங்கள் சேகரத்தில் ஞாயிறு காலை வகுப்பு எடுத்த ஆசிரியர்கள் மூவர்; மூவரும் சபையார்; அவர்களில் நானும் ஒருவன். இரண்டு ஆண்டுகள் எடுத்தேன். ஒரு மாணவியின் தாயார் வாசலில் நின்று, “சார், அவளை ஆராதனைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியவரே நீங்கள்தானே?” என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. அடுத்த மாதமே வகுப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றினேன். பத்தொன்பது பேரில் நான்கு பேர் வேறிடம் போனார்கள். பதினைந்து பேர் இருந்தார்கள். கண்டிக்க வேண்டுமானால் என்னைப் போன்றவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

தூத்துக்குடி, டியூஷன் ஆசிரியர்: உங்களுக்கு அரசு ஊதியம் இருந்தது. எங்களுக்கு இதுதான் பிழைப்பு. நான் எடுக்காவிட்டால் அடுத்த தெருவில் எடுப்பார்கள்.

பதில்: ஏற்றுக்கொள்கிறேன். எனக்கு இருந்த பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. உங்கள் பிழைப்பை விடும்படி சொல்லும் உரிமையும் எனக்கு இல்லை. காலை ஆராதனை முடிந்தபின் வகுப்பைத் தொடங்க முடியுமா என்று மட்டும் பாருங்கள்.

பிளஸ் டூ மாணவி: சார், எனக்கு ஞாயிற்றுக்கிழமை டியூஷனே இல்லை. ஆனாலும் ஆராதனைக்குப் போவதில்லை. போனால் வாசலிலேயே எல்லாரும் மார்க் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள்.

பதில்: மகளே, இவ்வளவு நேரம் பெரியவர்கள் நாங்கள் நடத்திய வாதத்தில் இல்லாமற்போனது உன்னுடைய இந்த வார்த்தைதான். வாசிக்கிற மூப்பர்களையும் ஆச்சிமார்களையும் கேட்டுக்கொள்கிறேன்: வருகிற பொதுத்தேர்வு முடிவு வந்து ஒரு மாதம் கழியும்வரை, ஆலய வாசலில் எந்தப் பிள்ளையிடமும் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். இவளைப்போல் எத்தனை பேரை நாமே வாசலிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறோமோ, எனக்குத் துக்கமாக இருக்கிறது.

டியூஷனைப் பற்றி மேலும் ஆறு கேள்விகள் வந்திருக்கின்றன. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அவற்றுக்குத் தனியே எழுதப்போவதில்லை.

கேள்வி (கத்தோலிக்க இளையோர் குழு, தஞ்சாவூர்): உங்கள் அனுபவம் எங்களுக்குப் பொருந்துமா?

பதில்: நான் உங்களிடமிருந்து கற்றதே அதிகம். பெல்ஜியத்துக் குருவான ஜோசப் கார்டைன் இளந்தொழிலாளர்களுக்குக் கற்றுக்கொடுத்த முறை மூன்று படிகள் கொண்டது: நிலைமையைக் கண்ணால் பார், விசுவாசத்தின் ஒளியில் சீர்தூக்கு, பிறகு செயலில் இறங்கு. எங்கள் பிள்ளைகள் ஒரு மாதம் அவ்வாறே தங்கள் தெருவைப் பார்த்தார்கள். பீடி சுற்றும் வீடுகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மாலைநேரத்தில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டுவதைக் கண்டார்கள். ஒடுக்கப்பட்டவர்களை விடுவிப்பதே தேவனுக்கு உகந்த உபவாசம் என்று சொல்லும் ஏசாயா தீர்க்கதரிசியின் ஐம்பத்தெட்டாம் அதிகாரத்தை வாசித்து ஒரு மாலை முழுவதும் பேசினார்கள். பிறகு பதினொரு பிள்ளைகளுக்கு மாலைப்படிப்பைத் தொடங்கினார்கள். நான் அதில் செய்தது, ஆலயத்தின் பின்னறைச் சாவியை வாங்கிக் கொடுத்ததும், கதவைத் திறந்தே வைக்கும்படி சொன்னதும்தான்.

கேள்வி: எங்கள் ஐக்கியத்தில் எண்ணிக்கை குறைகிறது. என்ன நிகழ்ச்சி நடத்தலாம்?

பதில்: முதல் பதிலை வாசியுங்கள்.

கேள்வி: கல்லூரி மாணவி ஒருத்தி யாரோடும் பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை, வாழப் பிடிக்கவில்லை என்கிறாள். உபவாச ஜெபத்துக்கு அழைத்துப்போகச் சொல்கிறார்கள்.

பதில்: முதலில் மனநல மருத்துவரிடம் அழைத்துப்போங்கள், இன்றே. சாப்பிடாத பிள்ளையை உபவாசத்தில் உட்காரவைக்காதீர்கள். அவளைத் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-க்கு எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. ஜெபியுங்கள், மருத்துவமனை வராந்தாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபியுங்கள். “உனக்குள் ஏதோ ஆவி இருக்கிறது” என்று அவள் காதில் விழும்படி யாரையும் பேசவிடாதீர்கள்.

கேள்வி: விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு மாணவர்களையே ஆசிரியர்களாக்கலாமா?

பதில்: பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களை ஆக்கலாம். ஒவ்வொரு வகுப்பிலும் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். கதவைப் பற்றி மறுபடியும் சொல்லவேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் சொல்கிறேன், கதவு திறந்திருக்கட்டும்.

கேள்வி (பதினேழு வயது மாணவன்): நான் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். கொஞ்ச நாளாக எனக்கு விசுவாசம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஜெபிக்கும்போது சுவரோடு பேசுவதுபோல் இருக்கிறது. இதைச் சொன்னால் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள். சொல்லாமல் வாசிப்பது பொய்யா?

பதில்: தம்பி, இயேசு உயிர்த்தெழுந்த செய்தியை அவருடைய சீஷரான தோமா நம்பவில்லை, காயத்தைத் தொட்டுப் பார்த்தாலொழிய விசுவாசிக்கமாட்டேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். அதற்குப் பிறகு எட்டு நாள் கழிந்தது என்று யோவான் எழுதுகிறார். அந்த எட்டு நாளும் மற்றச் சீஷர்கள் அவரை வெளியே தள்ளவில்லை. இயேசு மறுபடியும் வந்தபோது தோமா அதே வீட்டுக்குள்தான் இருந்தார். உன் குழுவில் உள்ள பெரியவர்களில் உனக்கு நம்பிக்கையான ஒருவரிடம் இதை அப்படியே சொல். பொது ஜெபம் ஏறெடுக்கச் சொன்னால், இப்போது வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. உன் குழுத் தலைவர் இதை வாசிப்பாரானால் அவருக்கும் சொல்கிறேன்: இந்தப் பிள்ளையைக் கீபோர்டிலிருந்து எழுப்பாதீர்கள். சனிக்கிழமை ஒத்திகைக்குப் போ, தம்பி.