பனியில் ஊறாத இழை: மார்கழிக் கோலக் கேள்வி பதில்

மார்கழி பிறக்கப் போகிறது. வாசல் கோலம் பற்றி வந்த கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில்.

மற்ற மாதங்களில் நன்றாக வரும் இழை, மார்கழியில் மட்டும் திட்டுத்திட்டாக விழுகிறது. விடிவதற்குள் ஊறி மங்கியும் விடுகிறது. மாவில் கோளாறா?
வாசகி, கும்பகோணம்

பாதிக் கோளாறு மாவில், பாதி தரையில்.

நைஸாக அரைத்த அரிசி மாவு, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து விரலிடுக்கில் அப்பிக்கொள்ளும். அதனால்தான் இழை ஓரிடத்தில் கொட்டி, அடுத்த இடத்தில் அறுந்துபோகிறது. பச்சரிசியைக் கொஞ்சம் நறநறப்பாக, ரவையைவிடச் சற்றே சன்னமாக அரையுங்கள். அந்த மாவை வெறும் வாணலியில் சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம், நிறம் மாறாமல் வறுத்து, முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போட்டு மூட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி உள்ளேயே தங்கி, வறுத்ததற்கே பலன் இல்லாமல் போகும். இதில் 1 பங்குக்குக் கடையில் விற்கும் வெள்ளைக்கல் கோலமாவு 3 பங்கு சேருங்கள். கல்மாவு ஈரம் குடிக்காது, இழை வெள்ளையாக நிற்கும். கல்மாவு மட்டுமே போட்டாலும் கோலம் வரும்தான். ஆனால் எறும்புக்கும் குருவிக்கும் அதில் ஒன்றுமில்லை. அந்த ஒரு பங்கு அரிசியை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது தண்ணீர். சித்திரையில் தெளிக்கிற அளவு மார்கழிக்கு ஆகாது. வெயில் இல்லை, தரையே குளிர்ந்து பனி கோத்திருக்கிறது. நாலடிச் சதுர சிமெண்ட் வாசலுக்கு அரைச் சொம்பு போதும். பெருக்கியபின் உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரியவேண்டும், கையில் நீர் ஒட்டக்கூடாது. அந்தப் பதம் வரும்வரை காத்திருந்து புள்ளி வையுங்கள். அதற்காக நன்றாக உலரவிட்டாலும் மாவு தரையைப் பிடிக்காமல் நடக்கிற காற்றுக்கே பறக்கும்.

தெளித்த ஈரக்கையை மாவு டப்பாவுக்குள் விடாதீர்கள். அன்றைக்கு வேண்டியதைக் கொட்டாங்குச்சியில் எடுத்துக்கொண்டு, கையைத் துடைத்துவிட்டு உட்காருங்கள். விரல் தரையைத் தொடாமல் இரண்டு செ.மீ. உயரத்தில் இருந்தால் இழை சீராக இறங்கும்.

15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி. எண்ணிக்கை சரியாக இருந்தும் கோலம் மேலும் கீழும் நீண்டு போகிறதே?
வாசகி, மதுரை

பக்கவாட்டில் விடுகிற இடைவெளியையே வரிசைக்கு வரிசையும் விடுகிறீர்கள். புள்ளிக்கு நேர்கீழே புள்ளி வைக்கும் நேர்ப்புள்ளிக்குத்தான் அது சரி. இரண்டு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி விழும் இடைப்புள்ளியில், பக்கத்துப் பக்கத்து மூன்று புள்ளிகள் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். ஆகவே புள்ளிக்குப் புள்ளி 5 செ.மீ. என்றால் வரிசைக்கு வரிசை 4.3 செ.மீ.தான். 15 வரிசைக்கு நடுவே 14 இடைவெளிகள். ஒவ்வொன்றிலும் அந்தச் சிறு மிச்சம் சேர்ந்து கோலம் ஏறக்குறைய 9 செ.மீ. நீண்டுவிடுகிறது. இந்த இரண்டு அளவிலும் ஈர்க்குச்சி நறுக்கி வைத்துக்கொண்டால் இரண்டே நாளில் கைக்குப் பழகிவிடும். நடுவரிசை 15-ஐ முதலில் வைத்து, மேலே 8 வரை குறைத்துப் போய், பிறகு கீழே இறங்குங்கள். மொத்தம் 169 புள்ளி.

சிக்குக் கோலம் ஒரே இழையில் முடிய வேண்டும் என்று ஆசை. சிலது முடிகிறது, சிலது மூன்று நான்கு இழையாகப் பிரிகிறது. ஏன்?
வாசகி, சென்னை

கட்டமாக நேர்ப்புள்ளி வைத்து, எல்லாப் புள்ளியையும் வளைத்துப் போடும் எளிய சிக்கு என்றால் விடை புள்ளிக் கணக்கிலேயே இருக்கிறது. வரிசை எத்தனை, வரிசைக்குப் புள்ளி எத்தனை என்ற இரண்டு எண்களின் மீ.பொ.வ. (இரண்டையும் மீதியின்றி வகுக்கும் மிகப்பெரிய எண்) எவ்வளவோ அத்தனை இழை. 4-க்கு 4 வைத்தால் நான்கு இழை, 4-க்கு 6 என்றால் இரண்டு. 3-க்கு 4, 5-க்கு 6 இரண்டுமே ஒரே இழையில் மூடும். எவ்வளவு அழகான கணக்கு! கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1974-இலேயே கோலத்தையும், வடிவங்களை விதிகளால் உருவாக்கும் கணினி இலக்கணத்தையும் இணைத்து ஆய்வுக்கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

கணக்குச் சரியாக இருந்தும் இழை வழிதவறினால், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் இடைவெளிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் இரண்டு இழைகள் குறுக்காக வெட்டியிருக்க வேண்டும். ஒரே இழை மட்டும் ஓடுகிற இடைவெளி எதுவோ, அங்கேதான் திரும்பக்கூடாத இடத்தில் திரும்பியிருக்கிறீர்கள்.

கல் உப்பில் வண்ணம் கலந்து நிரப்புகிறேன். காலையில் எல்லாம் ஓடி ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது.
வாசகி, நாகர்கோவில்

உப்பு ஈரத்தை இழுத்துக் கசியும். பனி மாதத்துக்கு அது ஆகவே ஆகாது, வாசல் செடிக்கும் கெடுதல். சலித்துக் காயவைத்த மணலில் 4 பங்குக்கு வண்ணப்பொடி 1 பங்கு கலந்துகொள்ளுங்கள்.

மார்கழி முழுக்கப் போட ஆசை. பத்தாம் நாளே அலுத்துவிடுகிறது. பூசணிப்பூவும் வைத்தவுடன் சாய்ந்துவிடுகிறது.
வாசகி, திருநெல்வேலி

தினமும் புதுக்கோலம் தேடுவதுதான் அலுப்புக்குக் காரணம். ஒரு வாரம் முழுக்க 7 புள்ளி, 4 வரை இடைப்புள்ளியையே வையுங்கள், 37 புள்ளிதான். முதல் நாள் நட்சத்திரம், மறுநாள் அதே புள்ளியில் ஆறிதழ்த் தாமரை, அடுத்த நாள் தாமரைக்கு நடுவே விளக்கு. புள்ளி மாறாததால் கை தானாகப் போகும், மனசு வடிவத்தில் நிற்கும். குளிரில் விரல் விறைத்தால் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொடங்குங்கள்.

பூ சாய்வதற்குச் சாணம்தான் காரணம். எலுமிச்சை அளவுக்குக் கெட்டியாக உருட்டி, அடியைத் தட்டையாக அழுத்துங்கள். காம்பை இரண்டு செ.மீ. விட்டு நறுக்கிச் செருகினால் பூ நிமிர்ந்து நிற்கும். பறிக்கும்போது நீண்ட மெல்லிய காம்புள்ள ஆண்பூவாகப் பாருங்கள். அடியில் சிறு பிஞ்சு தெரிந்தால் அது பெண்பூ, கொடியிலேயே இருக்கட்டும்.