நட்சத்திர மீனும் ஹீட்டரும்: மலையகத் தொட்டிக்காரர்களின் கேள்விகள்

ஹட்டனில் பதினொரு வருடமாக உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். நட்சத்திர மீன் வளர்ப்பவர்கள் கேட்டவற்றில், தொட்டிக்குள் நாம் வைக்கும் கருவிகளால் வரும் வில்லங்கங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நுவரெலியாவிலிருந்து ஓர் ஆசிரியை: ஐயா, எங்கள் நட்சத்திர மீன் இரவில் ஹீட்டரைக் கட்டிக்கொண்டு கிடக்கிறது. ஒரு கையில் வெள்ளைத் தழும்பு விழுந்திருக்கிறது. அதற்குச் சூடு தெரியாதா?

தெரியும் டீச்சர், விலகத்தான் நேரம் போதாது. ஹீட்டர் அணைந்திருக்கும்போது அதற்கு அது வெறும் கண்ணாடிக் குழாய். ஏறி ஒட்டிக்கொள்ளும். திடீரென்று சூடேறினால், அடியில் ஒட்டிக்கொள்ள உதவும் நூற்றுக்கணக்கான சின்னக் குழாய்க்கால்களையும் விடுவித்துக்கொண்டுதானே நகர வேண்டும்? அதற்குள் தோல் வெந்துவிடும்.

கொழும்பில் தொட்டி சூடேறுகிறதே என்று விசிறி பூட்டுகிறார்கள். நம் கதை வேறு. தை மாதக் குளிரில் தொட்டியை 25 பாகையில் நிறுத்த ஹீட்டர் இரவெல்லாம் உழைக்கிறது. ஆகவே அதற்குப் பிளாஸ்டிக் கூடு போடுங்கள். கையின் நுனிகூட நுழையாத அளவுக்குத் துளைகள் சிறியதாக இருக்கட்டும். கீழே தனி வடிகட்டித் தொட்டி இருந்தால் ஹீட்டரை அங்கேயே வைத்துவிடுங்கள், கவலை விட்டது. 200 வாட்டில் ஒன்றை விட 100 வாட்டில் இரண்டு நல்லது. ஒன்றின் தெர்மோஸ்டாட் (சூட்டைப் பார்த்து ஹீட்டரை அணைக்கும் பாகம்) இறுகிப்போய் அணையாமல் நின்றாலும் தொட்டி ஒரே இரவில் கொதித்துவிடாது.

தழும்பு பரவாமல் இருந்தால் அப்படியே விடுங்கள். செம்பு கலந்த மீன் மருந்து எதையும் ஊற்றிவிடாதீர்கள். மீன் பிழைக்கும், நட்சத்திர மீன் செத்துப்போகும்.

பண்டாரவளையிலிருந்து ஒரு தம்பி: அண்ணன், அலை உண்டாக்கும் பம்பில் நட்சத்திர மீனின் கை மாட்டிக்கொண்டது. இழுத்தேன், பாதி கை அறுந்துவிட்டது. இனி வளருமா?

கைகள் சேரும் நடுவட்டு சிதையாமல் இருந்தால் வளரும் தம்பி. மாதக்கணக்கில் ஆகும். ஆனால் இனிமேல் இழுக்காதீர்கள். முதலில் சுவரில் பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு பம்பைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு காத்திருங்கள். அரை மணி நேரமானாலும் அதுவாகவே கழன்று வரட்டும். வெளியே தூக்கவும் கூடாது. அதன் உடலுக்குள் ஓடுவது கடல்நீர்தான், காற்றுப் பட்டால் கேடு.

இந்தப் பாடத்தை நான் ஒரு நட்சத்திர மீனைப் பறிகொடுத்துத்தான் படித்தேன். முதுகில் சாக்லேட் துண்டு பதித்தது போல் கறுப்பு முட்கள் நிற்குமே, அந்த வகை. மழை இரவில் மின்சாரம் போனது. ஓடாமல் நின்ற பம்பின் மேல் அது நிதானமாக ஏறி, பம்பின் வாய்க்குள் ஒரு கையையும் நீட்டிக்கொண்டது. விடியற்காலை மூன்று மணிக்கு மின்சாரம் வந்தது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து விளக்கு அணைந்தால் மெழுகுவர்த்தி தேடுவதற்கு முன் பம்பின் பிளக்கைத்தான் கழற்றுகிறேன். மின்சாரம் வந்த பிறகு, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுவேன்.

பம்பின் வாய்க்கு ஸ்பஞ்ச் உறை போடலாம். ஆனால் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பிழிந்து கழுவ வேண்டும். அடைத்துக்கொண்டால் பம்ப் திணறிச் சூடேறும்.

அதே தம்பி: அப்படியானால் இரவில் பம்பை நிறுத்திவிட்டால் என்ன?

வேண்டாம். இரவில்தான் தொட்டியில் ஒட்சிசன் குறைகிறது, பாசியும் சேர்ந்து அதை இழுத்துக்கொள்ளும். நாமோ மலையில் இருக்கிறோம். சுமார் 1,870 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடலோரத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் நீர்கொழும்புத் தொட்டியை விட அங்குள்ள தண்ணீரில் கரையும் ஒட்சிசன் அந்த அளவுக்குக் குறைவு. உங்கள் ஊர் அதைவிடத் தாழ்வு என்றாலும் கணக்கு இதேதான். மேற்பரப்பு அசைந்துகொண்டே இருக்கட்டும். பம்புக்குக் கூடு போடுங்கள், நிறுத்தாதீர்கள்.

கொட்டகலையிலிருந்து: தொட்டிக்குள் கை விட்டால் விரலில் சுருக்கென்கிறது. நட்சத்திர மீனும் சோர்ந்து கிடக்கிறது.

கையை எடுங்கள்! நட்சத்திர மீனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு ஹீட்டரின் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரை அணைக்க மறந்தால், வெளியே தெரியும் பகுதி சூடேறி, பிறகு குளிர்ந்த நீர் பட்டவுடன் வெடிக்கும். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் மின் வேலைக்காரர் வந்து பார்க்கும்வரை தொட்டிக்கு மின்சாரம் வேண்டாம். வயர்களைப் பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கவிட்டு மேலே கொண்டுபோங்கள். வழிந்து வரும் உப்புநீர் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

கண்டியிலிருந்து ஓர் அக்கா: ஆவியாகும் தண்ணீரைத் தானாக நிரப்பும் மிதவை வைத்திருக்கிறேன். அதன் மேல் நட்சத்திர மீன் ஏறி உட்கார்ந்துகொள்கிறது, ஆபத்தா?

ஆபத்துத்தான் அக்கா. மிதவை அமுங்கிவிட்டால், தொட்டி நிறைந்த பிறகும் நல்ல தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். நட்சத்திர மீனால் உடலின் உப்பைச் சரிசெய்துகொள்ள முடியாது. மிதவையைச் சிறு துளைகளுள்ள ஒரு பெட்டிக்குள் வையுங்கள். நிரப்பும் வாளியும் சிறியதாகவே இருக்கட்டும். 100 லீட்டர் தொட்டிக்கு 5 லீட்டர் வாளி என்றால், முழுதும் கொட்டினாலும் லீட்டருக்கு 35 கிராம் உப்பு சுமார் 33க்குத்தான் இறங்கும். நீங்கள் வைத்திருப்பது இருபது லீட்டர் வாளி என்று எழுதியிருந்தீர்கள். இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.